செல்லியம்மாள் வாங்காத நெல்

அன்பு மகள் தீபாவுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே பனி முழங்கால்வரை கிடக்கிறது என்று செய்தியில் பார்த்ததிலிருந்து அம்மா உன் ஸ்வெட்டரைப் பற்றியே பேசுகிறாள். போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நம் நெற்களத்தைப் பூங்காவாக்கிவிட்டார்கள். குடியிருப்போர் சங்கம் வாசலில் ஒரு கருங்கல் நட்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. இந்த ஊரை உருவாக்கியவர் என்று மனை போட்டு விற்றவனின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். காட்டைத் திருத்தி, ஏரிக்கரை போட்டு, மதகு கட்டி நெல் விளைய வைத்தவர்கள் காலனிக்காரர்கள். பட்டா மட்டும் நம் பாட்டன்களுக்கு வந்தது. நெல் விளைந்ததால்தான் இங்கே வீடு வந்தது, கடை வந்தது, ஊர் என்ற பேரும் வந்தது.

பொங்கலுக்கு வழக்கம்போல் மதுராந்தகத்தில் புதுநெல் வாங்கி, மதகு திறந்த வீட்டுக்கு முதல் மரக்கால் என்று காலனியில் செல்லியம்மாளிடம் கொண்டுபோனேன். வயல் போன பிறகும் நாம் அதை விடவில்லையே, நீ இங்கே இருந்தவரை நீதான் தூக்கிப் போவாய். இந்த முறை அவள் வாங்கவில்லை. “இன்னாத்துக்குண்ணா நெல்லு? எங்க தாத்தா மதகு தொறக்காம ஒரு கதிராவது வந்திருக்குமா? கல்லுல எவன் பேரு கீது பாத்தியா? அத்த மாத்திட்டு வா, வாங்கிக்கிறேன்” என்றாள். நெல்லோடு திரும்பி வந்தேன்.

சங்கத் தலைவர் ஜெரோமிடம் போய்க் கேட்டால், “அப்போ இது வெறும் வயல்தானே சார், ஊரே இல்லையே” என்கிறார். நீங்க சாப்பிடுற சோறு ஆபீஸ்லயா விளையுது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, நீங்கள் பழைய குடும்பம், நீங்களே கல்லைத் திறந்துவையுங்கள் என்றார். செல்லியம்மாளின் தாத்தா பெயரை வெட்டாமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஊரோடு ஒத்துப்போகத் தெரியாத மனுஷன் என்று, உன் ஸ்வெட்டரைத் தவிர வேறெதையும் அம்மா என்னோடு பேசுவதில்லை.

விழா நேரத்தில் நான் செல்லியம்மாள் வீட்டில் இருப்பேன். வாசலோடு திரும்பாமல் உள்ளே போய் உட்காருவேன். நம் ஆட்களில் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டவள் நீ ஒருத்திதான். நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு இவ்வளவு தயக்கம் இருக்காது, கண்ணு. பின்மாலையில் உன் அறையில் விளக்குப் போடப் போகிறேன், எதற்கென்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. எல்லா நலமும் உனக்குக் கிடைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் போடு, செல்லியம்மாளிடம் கொடுக்கிறேன். பாப்பா எப்ப வருவ என்று கேட்பாள். என்னிடம் சொல்வதுபோல் அடுத்த வருஷம் என்று அவளிடம் சொல்லாதே. வருவதாக இருந்தால் மட்டும் சொல்.

உன் அப்பா,
பொன்னுரங்கம்