ஓரமில்லாத பெட்டி

எல்லையற்று எங்கும் நிறைந்த பரம்பொருளின் திருவடி துணை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நீ தொலைபேசியை எடுப்பதில்லை. ஆகையால் இதை எழுதிப் படமெடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்புகிறேன். அவர் உன்னை இதைப் படிக்க வைப்பார் என்று நம்புகிறேன்.

ஆறாப் புண்கள்மேல் ஒட்டவென்று நீ கணினியில் வடிவமைத்த 'ஜெல்' கூழ்ப்படலத்தைச் சோதிக்க மருத்துவமனையில் ஆள் கேட்டபோது, முதலில் பெயர் கொடுத்தவள் உன் அம்மா. "என் பொண்ணு செஞ்சத மொதல்ல அடுத்தவங்க கால்லயா ஒட்டுறது?" என்று மருத்துவரிடமே மல்லுக்கு நின்றாள். அவள் குதிகாலில் நெடுநாளாய் ஆறாதிருந்த புண்மேல் படலம் நடுவே நன்றாகத்தான் பிடித்தது. ஓரங்கள் சுருண்டு கிழிந்தன. கட்டுக்குள் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை, சீழ் கோத்துக்கொண்டது. கட்டுப் பிரித்த அன்றும், "இதுவும் என் பொண்ணாட்டமே. ஒரு எடத்துல ஒட்டி இருக்காது" என்று தாதியைச் சிரிக்க வைத்தாள்.

அதைக் கேட்டு நீ அழுதுகொண்டே சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "கணினியில ஒரு சின்னப் பெட்டிக்குள்ளதான்ப்பா கூழ வெச்சுப் பாப்போம். வலப்பக்கம் வெளிய போற துகள் இடப்பக்கமா உள்ள வந்துடும். கொஞ்சத்த வெச்சு நெறைய இருக்கற மாதிரி கணக்குப் போட எல்லாரும் அப்படித்தான் செய்வோம். அதனால என் கூழுக்கு ஓரமே கிடையாது. ஓரத்துல என்ன ஆகும்னு நான் பாக்கவே இல்ல" என்றாய். இப்போது ஓரம் வைத்துக் கணக்கிட்டு, கிழியாத படலத்தோடுதான் அம்மா முகத்தில் விழிப்பேன் என்று நீ ஆய்வகத்திலேயே கிடப்பதாக மாப்பிள்ளை வருந்துகிறார்.

மகளே, இனிப் படலம் வேண்டாம். புண்ணின் நஞ்சு அம்மாவின் இரத்தத்தில் ஏறிவிட்டது. காலை எடுத்தாவது காப்பாற்ற இயலுமா என்று கேட்டேன். "அந்தக் கட்டம் தாண்டிடுச்சுங்க ஐயா. பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க" என்றார் மருத்துவர்.

நாள்தோறும் அவள் கட்டிலருகே துதிப்பாடல்களை ஓதி வந்தேன். நேற்று, "கொஞ்சம் நிறுத்துறீங்களா? அவ படியேறி வந்தா சத்தம் கேக்காது" என்றாள். நிறுத்திவிட்டேன். மறுபடி தொடங்க எனக்கு நா எழவில்லை. போகும் உயிர் வேறொரு வாயில் வழியே திரும்ப வரும் என்று எத்தனையோ துக்க வீடுகளில் எடுத்துரைத்தவன் நான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் ஆகவில்லை.

படலத்தைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்பதில்லை. நீ எப்போது வருவாய் என்பது ஒன்றே கேள்வி. கணினி அதன் பாட்டுக்கு ஓடட்டும்; நீ வெறுங்கையோடு வா. படியேறும்போது சற்று ஓசைப்பட ஏறு.

எல்லாம் வல்லவன் உன்னையும் மாப்பிள்ளையையும் உங்கள் இல்லத்தையும் எந்நாளும் காத்தருள்வானாக.

உன் வரவை எதிர்நோக்கும்,
அப்பா