ஐந்தாவது ஃபவுல்

ஜனவரி 9

நடுவர் ஐயா அவர்களுக்கு,

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். நான் நலம். பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

பெண்களுக்கான முதல் தொழில்முறைக் கூடைப்பந்து அணி என்று பேப்பரில் பெரிதாகப் போட்டிருந்தார்களே, அதன் அலுவலகம் டயர் கடை மாடியில் ஒரே அறை. நாற்காலி நான்கு, ஆட்டக்காரிகள் பன்னிரண்டு பேரையும் சேர்த்து நாங்கள் பதினைந்து பேர். மார்ச் ஒன்றாம் தேதி முதல் ஆட்டம். முதலாளி டைல்ஸ் வியாபாரி, நல்ல மனிதர். அணிக்கு ‘தேவதைகள்’ என்று பெயர் வைக்கச் சொல்கிறார். “தேவதைக்கு முழங்கால்ல இவ்வளவு தழும்பு இருக்குமா சார்?” என்று எங்கள் நெட்டச்சி கேட்டுவிட்டாள். ஆறடி இரண்டங்குலம் அவள். போன மாதம் வரை கூரியர் கம்பெனியில் பார்சல் தூக்கியவள். விளையாடினால் சம்பளம் தருவார்கள் என்பதை இன்னும் நம்பாமல், அந்த வேலையை விடாமல் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

நேற்று மரத்தளம் போட்டு முடித்தார்கள். முடித்த பிறகு பார்த்தால் வளையம் மூன்று விரல் தாழ்ந்திருக்கிறது. பழைய சிமென்ட் தரையிலிருந்து அளந்து மாட்டியிருக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பீர்கள். இங்கே கூடம் நிஜமாகவே கோணல்.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஆட்டத் திட்டமெல்லாம் எழுதி வைத்த என் நீல அட்டை நோட்டு பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது, அனுப்பி வையுங்கள்.

கோச்


ஜனவரி 17

கோச்சம்மாவுக்கு,

நோட்டு இத்துடன் வருகிறது. மேல் தட்டில் இல்லை, தையல் மிஷினுக்கு அடியில் இருந்தது. வளையத்தைத் தளத்திலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும், பத்தடி. மேஸ்திரியை நம்பாதே, டேப்பை நீயே பிடி.

மாத்திரை போடுகிறேன். ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்க எனக்கு வரவில்லை. இரண்டு ஆளுக்குச் செய்து மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் ஒன்றாம் தேதி ஆட்டத்துக்கு லீக்கில் என்னைத் தலைமை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட, மாவட்ட மைதானங்களில் விசில் ஊதியவன். ஆகஸ்டில் ஐம்பது வயது, அத்தோடு கழற்றி வைத்துவிட வேண்டும். இப்படி ஒரு ஆட்டம் இனி எனக்கு வராது. படித்ததும் விசிலை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

கூடவே ஒரு படிவம். எட்டாவது கேள்வி: “இவ்விரு அணிகளில் எதிலேனும் உங்கள் குடும்பத்தார் எவரேனும் உள்ளனரா?” ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்றால் ஆட்டம் போச்சு. போன ஜூனில் பெட்டியோடு வாசலில் நின்று, “இனிமே நீங்க யாரோ, நான் யாரோ” என்றாய். “நாப்பத்தி மூணு வயசுல பந்தைத் தூக்கிட்டு ஊர் ஊரா அலையப் போறியா?” என்று நான் கேட்டதற்குப் பதில் அது, மறக்கவில்லை. இப்போது நான் எதைப் போடட்டும்? நீ சொல்வதைப் போடுகிறேன். பிப்ரவரி பத்துக்குள் அனுப்ப வேண்டும்.

உன்
(இந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை)


ஜனவரி 26

ஐயா,

என்னைக் கேட்டுக்கொண்டா விசில் ஊதுவீர்கள்? பதினேழு வருடத்துக்கு முன்னால் மாவட்ட இறுதி ஆட்டத்தில், முப்பது வினாடி பாக்கி இருக்கும்போது, எனக்கு ஐந்தாவது ஃபவுல் ஊதி வெளியே அனுப்பினீர்களே, அன்று என்னைக் கேட்டீர்களா? உங்களோடு சண்டை போட நடுவர் அறைக்கு வந்தவள் நான். அந்தச் சண்டை முடியாமல்தான் கல்யாணம் வரை போனது. இன்றைக்கும் சொல்கிறேன், என் கை அந்த எதிரணிப் பெண் மேல் படவே இல்லை.

அன்றைக்குத் தானாகத் தீர்ப்புச் சொன்ன மனிதர், நான் குடும்பமா இல்லையா என்பதை என்னிடமே கேட்கிறார். கோபம் கோபமாக வருகிறது.

நேற்றுப் பயிற்சி நடுவே நெட்டச்சி, “மேடம், உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?” என்றாள். பத்து ரவுண்டு ஓடச் சொன்னேன். பாவம், ஓடினாள்.

“இல்லை” என்றே போடுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஊதிவிட்டு அப்படியே திரும்பிப் போங்கள், என்னைப் பார்க்க வர வேண்டாம்.

கோச்


பிப்ரவரி 16

மூன்று வாரமாகப் பதில் இல்லை. டயர் கடைக்காரரிடம் தினமும் தபால் வந்ததா என்று கேட்டதில், அவர் இப்போது என்னைப் பார்த்ததும் தானாகவே இல்லையென்று தலையாட்டுகிறார்.

ஜெர்சி வந்துவிட்டது. பெயர்ச் சண்டை ஓயாததால் எண் மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை. நெட்டச்சி கூரியர் வேலையை ராஜினாமா செய்துவிட்டாள். வளையத்தை நானே அளந்தேன், பத்தடி. நடுவர் பட்டியலைக் கூடத்து முன்வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கப் பயந்து பின்பக்கப் படியில் ஏறிப் போகிறேன்.

ஒன்றை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அன்றைக்கு என் கை பட்டது. அவள் முழங்கைக்குக் கீழே, லேசாக. ஃபவுல்தான். படவே இல்லை என்றது பொய். “இல்லை” என்று போடச் சொன்னதும் பொய். இரண்டாவது பொய்யைத் திருத்தத் தேதி தாண்டிவிட்டது.

பன்னிரண்டு பெண்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு அறைக்கு வந்து நான்தான் அழுகிறேன். திட்டியாவது எழுதுங்கள்.


பிப்ரவரி 21

அன்புள்ள கோச்சம்மாவுக்கு,

கை பட்டது எனக்கு அன்றைக்கே தெரியும். படாமல் நான் ஊதுவேனா?

“இல்லை” போடச் சொன்ன உன் கடிதம் வந்த அன்றே படிவத்தை அனுப்பிவிட்டேன். நீ சொல்வதைப் போடுவதாக வாக்குக் கொடுத்தேன், மீறிவிட்டேன். “இல்லை” கட்டத்தில் பேனாவை வைத்துப் பார்த்தேன். அடுப்பில் இரண்டு ஆள் சாப்பாடு இருந்தது. “ஆம்” போட்டேன். என்ன உறவு என்று கீழே கேட்டிருந்தார்கள். “மனைவி” என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

ஆட்டம் வேறொருவருக்குப் போய்விட்டது. பட்டியலில் இருப்பது அவர் பெயர், தைரியமாக முன்வாசல் வழியாகப் போ. இத்தனை நாள் எழுதாதது உன் மேல் கோபத்தில் இல்லை, வருத்தத்தில். இப்போதும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

குடும்பத்தாருக்கென்று லீக்கில் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். உன் பெஞ்சுக்குப் பின்னால், மூன்றாவது வரிசை. இத்தனை வருடத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. நடுவர் தப்பாக ஊதினால் கத்தலாம், இல்லையா? என்னைப் பார்த்து எத்தனை பேர் கத்தியிருக்கிறார்கள்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் வந்து சேருவேன். டேப் கொண்டு வருகிறேன். வளையத்தை நானும் ஒருமுறை அளந்து பார்க்கிறேன். நெட்டச்சி கேட்டதற்குப் பதில் சொல்லிவிடு, பாவம், பத்து ரவுண்டு ஓடியிருக்கிறாள்.

உன்
வீட்டுக்காரர்