உன் பேரில் நிற்கிற பஸ்

அம்மா,

சேலை இன்னும் நாற்காலி முதுகில் கிடக்கிறது. ஊறப் போடவில்லை. கோர்ட் வேலைக்கென்று பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிய இளநீலச் சேலை. இடுப்பிலிருந்து கரை வரைக்கும் மீன் தண்ணீர் வழிந்து காய்ந்து போயிருக்கிறது. வீடு முழுக்க உன் வாசனை. ஜன்னலைத் திறந்தேன், அப்புறம் எனக்கே மனசு கேட்காமல் மூடிவிட்டேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? இன்றைக்கு மத்தியானம் கிழக்குத் தாம்பரத்தில் உன் பெண் மீன்காரிகளை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டாள்.

நம் குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, சோழிங்கநல்லூரில் பஸ் பிடித்து, சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றித் தெருத் தெருவாகக் கூவி விற்பாய். லீவு நாளில் நானும் கூட வருவேன். கடைசி சீட்டுக்கு அடியில் அன்னக்கூடையைத் தள்ளி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அதற்கும் மேலே உன் முந்தானையை விரித்து வைப்பாய். அப்படியும் பாதி நாள் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கச் சொல்லுவான். நீ லேசில் இறங்குகிற ஆளா என்ன? "இன்னாடா, உங்கப்பன் வூட்டு பஸ்ஸா? கவுருமெண்டு பஸ்ஸு. இதுல ஒரு சக்கரம் என்னுது" என்று நிற்பாய். சில பேர் சிரித்துவிட்டு விசில் கொடுப்பார்கள். பல பேர் இறக்கித்தான் விடுவார்கள். இறக்கிவிட்ட நாளில் எனக்கு அழுகை முட்டும். நீ ரோட்டோரம் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி, எந்தச் சக்கரம் உன்னுடையது என்று எனக்குக் காட்டுவாய். படிக்கட்டுப் பக்கத்துப் பின்சக்கரம்.

அந்தச் சக்கரம்தான் உன் மேல் ஏறியது. இதையே நினைத்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் நினைப்பதில்லை. அன்றைக்கு ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப்பில் நீ இறங்கி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான்.

கேஸ் போட்டோம். நான் பார்க்கிற பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்கு எத்தனை முறை லீவு சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீல், ஓடுகிற பஸ்ஸிலிருந்து கூடையோடு நீயே குதித்ததாகச் சொன்னார். வேலை அவசரமாம், உனக்கு உயிரைவிட மீன்தான் பெரிதாம். உன் தொழிலுக்கு அத்தாட்சி கேட்டார். மீன்காரிக்கு எந்தக் கம்பெனி சம்பளச் சீட்டு தரும்? நான் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். படித்து என்ன கிழித்தேன் என்று அன்றைக்கே தோன்றியது.

காப்பாற்றியது செல்வி அத்தை. உன் கூடவே முப்பது வருஷம் கூடை தூக்கின அதே செல்வி அத்தை. அன்றைக்கு அந்த பஸ்ஸில் உனக்குப் பின்னால் இறங்கக் காத்திருந்தது அவள்தான். வியாபாரத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் துவைத்த சேலை கட்டி வந்து உட்கார்ந்திருப்பாள். கூண்டில் ஏறியதும் நீதிபதியை நேராகப் பார்த்து ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அக்கா ஒரு காலுதான் கீழ வெச்சுது. அதுக்குள்ள விசில் குடுத்துட்டான்." எதிர்த்தரப்பு வக்கீல் எப்படி எப்படியோ மடக்கிப் பார்த்தார். அவள் அசையவில்லை. தப்பு பஸ்ஸின் மேல்தான் என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு வந்தால் போதுமா? இழப்பீட்டைக் கட்டச் சொன்ன கெடு தாண்டியது, அடுத்த கெடுவும் தாண்டியது. கேட்டால் கவர்ன்மென்ட் என்றால் அப்படித்தான் என்றார்கள். உன்னைக் கொன்றதைவிட, கொன்றதை மறந்து போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் பஸ்ஸை ஜப்தி செய்யச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டது. கோர்ட் ஆளான அமீனா வருவார், எந்த பஸ் என்று நாங்கள் காட்ட வேண்டும், காட்டின பஸ்ஸில் நோட்டீஸ் ஒட்டி கோர்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பணம் கட்டினால்தான் பஸ் திரும்பிப் போகும்.

நல்ல டயர் உள்ள வண்டியாகப் பார்த்துக் காட்டுங்கள், அப்போதுதான் சீக்கிரம் மீட்க ஓடி வருவார்கள் என்றார் நம் வக்கீல். எனக்கு டயரா முக்கியம்? வீம்பு. "எங்கம்மாவை அடிச்ச ரூட்டு பஸ்தான் சார் வேணும்" என்றேன். சோழிங்கநல்லூர் போர்டு போட்டுக் கிளம்ப நின்ற வண்டியைக் கை நீட்டிக் காட்டினேன். அந்த நிமிஷம் எனக்கு என்ன ஒரு நிம்மதி தெரியுமா? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர்களுக்கும் ஒன்று பறிபோகிறது என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு இறங்கினார். எல்லோரும் இறங்குங்கள் என்று கண்டக்டர் கத்தினார். சனங்கள் முனகிக்கொண்டே இறங்கினார்கள், ஒரு பெரியவர் எங்களைச் சபித்துக்கொண்டே போனார். அப்புறம் பின்பக்கப் படிக்கட்டில் ஒரு அன்னக்கூடை தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

மத்தியான பஸ்ஸில் அந்த ரூட்டில் யார் போவார்கள் அம்மா? விற்றது போக மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிற நம் பெண்கள்தான் போவார்கள். இது எனக்குத் தெரியாதா? அந்தக் கடைசி சீட்டில் உன் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே வளர்ந்தவள் நான். போர்டைப் பார்த்தேன், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அவர்கள் கண்டக்டரிடம் கெஞ்சி, கடைசி சீட்டைப் பிடித்து, அப்போதுதான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். உன்னை எத்தனையோ பேர் இறக்கிவிட்டிருக்கிறார்கள், அவர்களெல்லாம் அந்நியர்கள். இவர்களை இறக்கியது உன் வயிற்றில் பிறந்தவள்.

கடைசியாக இறங்கியது செல்வி அத்தை. நான் வக்கீலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆமாம், ஒளிந்தேன். அமீனா கண்ணாடியில் நோட்டீஸை ஒட்டிவிட்டு உன் பேரைச் சத்தமாகப் படித்தார். அத்தை நின்றாள், திரும்பினாள், என்னைக் கண்டுபிடித்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "மொணகாதீங்கடி. இது நம்ம அக்கா பஸ்ஸு. ஓரமா வாங்க."

வீட்டுக்குப் போக நானும் அவர்களோடு போய் நின்றேன். அடுத்த பஸ் வந்தது. அந்தக் கண்டக்டர் கூடைகளைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தான். என்னிடம் மட்டும், "நீங்க ஏறுங்க மேடம்" என்றான். உன்னுடைய சக்கரக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அத்தை தலையிலிருந்த கூடையை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் சில்லென்று இறங்கியது. "இது என் கூடை. எறக்கறதுன்னா என்னை எறக்குங்க" என்றேன். அவன் சேலையைப் பார்த்தான், என் கைப்பையைப் பார்த்தான், வழி விட்டான். என் இஸ்திரி போட்ட சேலைக்குக் கிடைத்த மரியாதை உன் நியாயத்துக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. எல்லோரும் ஏறினார்கள்.

உன்னுடைய பஸ் இப்போது கோர்ட் வளாகத்தில் நிற்கிறது. ஒரு சக்கரம்தான் கேட்டாய், ஆறு சக்கரமும் உன் பேரில் நிற்கிறது. யாரையும் ஏற்றாமல் சும்மா நிற்கிறது. சாயந்தரம் வக்கீல் போனில் ஒரே சந்தோஷம், பஸ் ஆபீஸிலிருந்து அதற்குள் ஆட்கள் வந்து பேசினார்களாம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

பஸ்ஸில் செல்வி அத்தை என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்து நினைத்தே ராஜகீழ்ப்பாக்கம் வந்துவிட்டது. அஸ்தினாபுரத்துக்கு நான் அங்கேதான் இறங்கியாக வேண்டும். எப்போதும் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்துவிடுவேன். இன்றைக்கு அங்கே எழுந்திருக்கவே தோன்றவில்லை, அந்த ஸ்டாப்பைத் தாண்டி வந்துவிட்டேன். படிக்கட்டில் போய் நின்றேன். அத்தை எழுந்து வந்து என் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் கண்டக்டரிடம் சொன்னாள்:

"விசில் அடிக்காத. எம் பொண்ணு ரெண்டு காலும் கீழ வெக்கட்டும்."

இரண்டு காலையும் கீழே வைத்தேன் அம்மா. அதுவரைக்கும் பஸ் நின்றது.