தின்று முடிக்கப்பட்ட தூவான நாடு குறித்து அதன் வேந்தருக்கு

மேன்மை விளங்குக, அடுப்பு அணையாதிருக்க. முகில் தங்கும் மலைகளுக்கு உடையவரும், தூவான நாட்டின் காவலருமான வேந்தர் வெற்பனார் திருமுன்பு, மருதோடை நாட்டு ஓலைமந்திரி அல்லிக்கோதை, ஆடு மேய்த்த குடியில் முதன்முதலாக எழுத்தறிந்தவள், வணங்கத் தெரிந்தும் அதிகம் வணங்காதவள், விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் யானைகளும் மாமியாரும் நலமென நம்பப்படுகிறது.

தங்கள் எல்லையில் இன்று காலை எழுந்த புழுதி கண்டு திகைத்திருப்பீர். அது எங்கள் படை. காரணம் தோசை.

பௌர்ணமிதோறும் காலையில் குடும்பமாய் அமர்ந்து கோதுமை வெல்லத் தோசை உண்பது மருதோடை அரசகுலத்தில் வழிவழி வந்த முறை. மாவு கரைப்பதும், வெல்லம் நுணுக்குவதும், புகையில் நிற்பதும், கடைசியில் ஆறிப்போனதை உண்பதும் பட்டத்தரசியார். முதல் தோசையை மட்டும் மன்னர் பேரமலையார் தம் திருக்கையால் வார்ப்பார், வார்த்ததும் களைத்துப்போவார். அது என்ன வடிவில் வருகிறதோ அதுவே அம்மாதத்து அரசாணை. போன மாதம் வாத்துப்போல் வந்தது. குடிமக்கள் வீட்டுக்கு வீடு வாத்து வளர்த்துத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள்.

இம்முறை சேனாதிபதி மல்லங்கிழார், தோசைக்கல்லையும் கேடயத்தையும் ஒன்றென எண்ணி, புளியும் செங்கல்பொடியும் இட்டு முகம் தெரியத் தேய்த்துவிட்டார். பழகிய கல்லின் எண்ணெய்ப் பிடிப்பே போயிற்று, மாவு ஒட்டும், முதலில் எண்ணெய்த் துணியால் துடையுங்கள் என்று அரசியார் கூறினார். அடுப்படிப் பேச்சு அரசவைக்கு ஆகாது என்று சேனாதிபதி மறுமொழி பகர்ந்தார். மன்னர் வார்த்தார். ஒட்டியது. சுரண்டச் சுரண்டக் கிழிந்து, மூன்று முனையும் ஒரு வாலுமாய், அச்சு அசலாகத் தங்கள் நாடே வந்து விழுந்தது. தங்கள் தலைநகர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

கோட்டை இடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ என்று சேனாதிபதி குதித்தார். படை புறப்பட்டது. முன்வரிசையில் அல்லிக்கோதையின் தம்பி வேங்கன். அவளுக்கென்று இருப்பவன் அவன் ஒருவனே. போருக்கா போகிறோம், இல்லை வாத்து பிடிக்கவா என்று கேட்டுக்கொண்டே நடந்தானாம்.

குற்றம் கல்லினுடையது, தூவான நாட்டினுடையதன்று என்று அவள் அவையில் உரைத்தாள். படித்த திமிர் என்றார்கள். ஆம், திமிர்தான், எங்கள் குடிக்கு இது புதிதாகக் கிடைத்திருக்கிறது, கொஞ்சம் அனுபவித்துக்கொள்கிறேன் என்றாள். சான்று தட்டில் இருக்கும்வரை ஆணை நிற்கும், நண்பகலில் போர்முரசு கொட்டும் என்று சேனாதிபதி முழங்கினார்.

தட்டில்தானே இருக்கிறது! அவள் தட்டை இழுத்து, நின்றவாக்கிலேயே, வடமலை தொடங்கித் தென்கோடி வால்வரை தங்கள் நாட்டைத் தின்று முடித்தாள். அடி கரிந்திருந்தது, ஏலம் சற்றே அதிகம். அரசியார் சிரித்த சிரிப்பில் கரண்டி கைநழுவியது; பிறகு நிதானமாகத் தமக்கென ஒன்று வார்த்து, எல்லாருக்கும் முன்பாக அமர்ந்து, சூடாக உண்டார்.

அவை வெலவெலத்தது. ஏனெனில் பகைநாட்டை முழுவதும் விழுங்கியவரே அதற்கு உடையவர் என்பது எங்கள் சட்டம். விழுங்குவது எவ்விதம் என்று சட்டம் சொல்லவில்லை. வென்ற நாட்டின்மேல் மீண்டும் படை செலுத்துவதும் எங்களுக்கு மரபன்று. மன்னர் ஏப்பமிட்டு இசைந்தார். படை திரும்பிவிட்டது. வந்ததும் வராததுமாக வேங்கன், மிச்சம் ஏதும் உண்டா அக்கா என்று கேட்டான்.

ஆகையால், வேந்தரே, இன்று முதல் தாங்கள் அல்லிக்கோதையின் ஆட்சிக்கு உட்பட்டவர். அஞ்சற்க, அரியணையும் யானைகளும் மாமியாரும் தங்களிடமே இருக்கட்டும். கட்டளை ஒன்றே: வரும் பௌர்ணமி முதல் தூவான நாட்டு வீடுதோறும், அரண்மனை உட்பட, ஆண்மக்கள் கரைத்து வார்க்க, பெண்மக்கள் அமர்ந்து சூடாக உண்க. முதல் தோசை ஒட்டினால் அதற்குப் பொருள் தேடாமல் தின்றுவிடுக.

அரச முத்திரையைச் சேனாதிபதி ஒளித்துவைத்துவிட்டமையால், வெல்லம் படிந்த பெருவிரலே இவ்வோலைக்கு முத்திரை. அவள் குடியில் யாவரும் வைத்தது கைநாட்டுதான். எழுதத் தெரிந்தும் வைப்பது இதுவே முதல். எறும்பு வருமுன் வாசித்தறிக.