பாலைவனத்தில் எங்கே சாப்பிடுவது என்று கேட்ட மகளுக்கு

குளுவாங், ஜொகூர்
தீபாவளி முடிந்த வாரம், புதன்கிழமை

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் மூக்கு ஒழுகாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியில் ராஜஸ்தான் போகலாம் என்றிருக்கிறாய், நாங்கள் போனபோது எங்கெங்கே சாப்பிட்டோம் என்று ஒரே வரியில் வாட்ஸாப்பில் கேட்டுவிட்டாய். அதற்குப் பதில் அடிக்க என் விரலுக்குத் தெம்பு இல்லை, ஒரு எழுத்தைத் தொட்டால் இரண்டு எழுத்து விழுகிறது, அதனால்தான் தாள் எடுத்து எழுத உட்கார்ந்தேன், உன் அண்ணன் ரூபேந்திரன் ராத்திரி வரும்போது படம் பிடித்து அனுப்புவான். அவன் இன்னும் கெலாங் பாத்தாவிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய் வருகிறான், விடியுமுன் கிளம்பி நெரிசலில் நின்று நின்று, காரிலேயே பசியாறி, வயிறு மட்டும் முன்னால் போகிறது. உன் அண்ணி சாந்தினி சொன்னால் கேட்பதில்லை, நீ சொன்னால் கேட்பான், ஒரு வார்த்தை சொல்லி வை.

நீ தனியாகப் போகிறாயா ஜோடியாகப் போகிறாயா என்று எழுதவில்லை. எனக்குத் தெரியாதா என்ன, அப்பா சம்மதித்தால் லக்ஷ்மனோடு கல்யாணம் முடித்துக்கொண்டு ஜோடி, இல்லாவிட்டால் ஆபீஸ் தோழிகள், அதுதானே. இதுவரை அப்பா வாயிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை அம்மா. தீபாவளிக்கு லக்ஷ்மனின் அப்பா சோமசேகரம் ஐயா மறுபடியும் போன் போட்டு ஜொகூர் பாருவுக்கு வாருங்கள், வீட்டில் ஓப்பன் ஹவுஸ், ஒரு வேளை சேர்ந்து சாப்பிடுவோம் என்று அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டார். அப்பா முட்டி வலி என்று சொல்லிவிட்டார். போன தடவை கார் சரியில்லை என்றார். லக்ஷ்மனின் அம்மா கனகம்மா பாவம், நாம் போகாவிட்டாலும் யாரிடமோ முறுக்கு கொடுத்து அனுப்பினார், அதை இவர் தொடவே இல்லை, ஆனால் நான் குளித்துவிட்டு வந்து பார்க்கும்போது டின் பாதி காலி. லக்ஷ்மன் மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் மனதில் இருப்பதெல்லாம் பழைய தோட்டத்துக் கதைதான். லக்ஷ்மனின் தாத்தா சிலோனிலிருந்து வந்து எங்கோ ஒரு எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாராக இருந்தவர், உன் தாத்தா சின்னத்தம்பி தோட்டக் கூலியாக ரப்பர் பால்மரம் வெட்டியவர். "எங்கப்பா ஒரு நாளும் கிராணி வீட்டுப் படி ஏறினதில்ல தனம், வெளியவே நின்னு பேசிட்டு வந்துடுவாரு. நான் போயி அவங்க மேசையில உக்காந்து சாப்பிடணுமா" என்று ஒரே பிடி. அது வேறு தோட்டம், அது வேறு கிராணி, அந்த மனுஷர்களெல்லாம் போய்ச் சேர்ந்து எத்தனை காலம் ஆகிறது என்று நானும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். இப்போதும் அப்பா எதிரில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, படிக்கிற மாதிரி என் ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவர் பேர் வந்த இடத்தை மட்டும் நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஜோத்பூரில் மணிக்கூண்டுச் சந்தையில் காலையில் மிளகாய் வடை சுடுவார்கள், முழு மிளகாய்க்குள் உருளைக்கிழங்கை அடைத்து மாவில் முக்கிப் பொரிப்பது, அதைக் கட்டாயம் சாப்பிடு, ஆனால் கூட்டம் நிற்கிற கடையாகப் பார்த்து எண்ணெய் கொதிக்கும்போதே வாங்கிச் சாப்பிடு, ஆறினதைத் தொடாதே. பக்கத்திலேயே லஸ்ஸி கொடுப்பார்கள், குடிக்க வராது, கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட வேண்டும், அது ஒன்றே மதியம் வரை தாங்கும். பெரிய ஹோட்டல் மாடியில் கோட்டையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம் என்று இழுப்பார்கள், கோட்டை நன்றாகத்தான் இருக்கிறது, சாப்பாடு நம் ஊர் கல்யாண மண்டபத்துக் கடைசிப் பந்தி மாதிரி. மணல் மேட்டுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு ஆட்டம் பாட்டத்தோடு விருந்து என்பார்கள், ஆட்டத்தைப் பார், தேநீர் குடி, சாப்பாட்டை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளாதே, காற்று அடிக்கிற அடியில் பருப்பில் பாதி மணல்.

நல்ல சாப்பாடு சடக்கோரத்தில், ரோட்டுக் கடைகளில்தான் இருக்கிறது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மர் போகிற வழி முழுக்க வானமும் மணலும் முள்மரமும்தான், நடுநடுவே ஒட்டகம் நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் ரோட்டைக் கடக்கும், அப்படியே பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அந்த வழியில் கயிற்றுக் கட்டில் போட்ட கடைகள் இருக்கின்றன. கம்பு ரொட்டி சுட்டு நெய்யில் தோய்த்து பூண்டுச் சட்னியோடு கொடுப்பார்கள். அங்கே முளைக்கிற ஒரு வகைக் காயையும் நீள நெற்றையும் காயவைத்து வதக்குகிறார்கள், கேர் சாங்ரி என்று கேள், புளிப்பும் காரமுமாக நம் மாங்காய் ஊறுகாயை நினைப்பூட்டும். பாட்டி என்று உருண்டையாக ஒன்று, சாம்பலில் சுடுவது, அப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆயர் ஈத்தாம் மண்பாண்டக் கடையில் வாங்கின பூச்சட்டி தோற்றது என்றார், அதை உடைத்து நெய்யும் பருப்பும் ஊற்றின பிறகு அவர்தான் அதிகம் சாப்பிட்டார். காப்பிக்கு மட்டும் ஏங்கிப் போய்விடுவாய், அந்தப் பக்கம் முழுக்க தேநீர்தான். அப்பா அதற்காகவே பெட்டியில் பாதியை காப்பிப் பொட்டலங்களால் நிரப்பிக்கொண்டு வந்து, கடைக்குக் கடை சுடுதண்ணீர் மட்டும் கேட்டு என் மானத்தை வாங்கினார்.

இனி நான் எழுதப் போவதை எழுதாதே என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார், ஆனால் அந்தப் பயணத்திலேயே நாங்கள் சாப்பிட்ட மிக நல்ல சாப்பாடு அதுதான், அதைச் சொல்லாமல் எப்படி விடுவது. நாங்கள் போனது பொங்கல் முடிந்து. வழியில் டயர் பஞ்சராகி எங்கள் ஓட்டுநர் பன்வர்சிங் பட்டறையில் நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கொஞ்ச தூரத்தில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, நடந்து போய் உட்காருங்கள், பின்னாலேயே வருகிறேன் என்றார். நடந்தோம். ஒரு கலர் துணிக் கூடாரம், நீள மேசை, சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, அண்டா அண்டாவாக அடுப்பில் வேகிறது, ஆட்கள் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் கூடாரமும் பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்தால் அது ஒட்டுக்கடை, சாப்பாடு விற்கிற இடம். அப்பா கம்பீரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார், நானும் உட்கார்ந்தேன். பெரிய தலைப்பாகை கட்டின ஒருவர் ஓடி வந்து கைகூப்பினார், அப்பா இரண்டு விரலைக் காட்டி இரண்டு சாப்பாடு என்றார். அந்த மனுஷரே கொண்டு வந்து வைத்தார், தட்டில் இடம் காணக் காண அள்ளி வைத்தார், போதும் என்று கையால் தட்டை மறைத்தால் கையை விலக்கிவிட்டு வைத்தார். "நம்ம ஊரு மாமாக் சாப்பாட்டுக் கடையில கூட இப்படிக் கவனிக்க மாட்டானுங்க தனம்" என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. கடைசியில் அவர் ஒரு லட்டை எடுத்து நேராக அப்பாவின் வாய்க்குள்ளேயே வைத்துவிட்டார். அப்பா முழித்த முழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வாயில் லட்டோடு, உள்ளங்கையில் எழுதிக் காட்டி பில் கேட்டார், அது போதாதென்று லட்டுத் தட்டைக் காட்டி, டிரைவருக்குப் புங்குஸ் என்று பொட்டலம் கட்டுகிற மாதிரி கையால் முடிச்சுப் போட்டுக் காட்டினார். பில் அவருக்குப் புரியவில்லை, பொட்டலம் மட்டும் நன்றாகப் புரிந்து ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்துவிட்டார்.

அப்போதுதான் பன்வர்சிங் வந்து எங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அது கடையே இல்லை அம்மா, கல்யாண வீடு. பரிமாறினவர் பெண்ணின் அப்பா. நீயே சொல், வாசலில் வாழைமரம் இல்லை, மாப்பிள்ளை பெண் பேர் எழுதின பலகை இல்லை, நாதஸ்வரம் இல்லை, கல்யாணம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும். அப்பா கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி எழுந்து நின்றார். அந்த மனுஷர் அவர் தோளை இரண்டு கையாலும் அழுத்தி மறுபடி உட்கார வைத்து என்னவோ சொன்னார். வந்தவர் யார் என்று சாப்பிட வைக்குமுன் கேட்பது தங்கள் வழக்கம் இல்லை, வயிறு நிறையாமல் எழுந்து போனால்தான் குறை என்கிறார் என்று பன்வர்சிங் மொழிபெயர்த்தார். நீங்களும் உட்காருங்கள், சேர்ந்து சாப்பிடுவோம் என்று அப்பா சொல்லச் சொன்னதற்கு பெண்ணின் அப்பா சிரித்து, மாட்டேன் என்று தலையாட்டினார். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கும் வரை பெற்றவர் வாயில் எதுவும் வைக்கக் கூடாதாம், காலையிலிருந்து அவர் பட்டினி. அப்பா உடனே காரிலிருந்த எங்கள் பெட்டியைத் திறந்து, அத்தனை காப்பிப் பொட்டலத்தையும் எடுத்து அவர் கையில் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார். ஜெய்சல்மர் போய்ச் சேர்ந்தோம். கோட்டை சாயங்கால வெயிலில் பொன்னாக நிற்கிறது, நான் பாருங்கள் பாருங்கள் என்கிறேன், இவர் "அந்த மனுசன் காலையிலேர்ந்து சாப்பிடல தனம்" என்று அதையே சொல்கிறார். அதற்குப் பிறகு ஊர் திரும்பும் வரை காப்பி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, தேநீரையே குடித்தார்.

இதையெல்லாம் எழுதி வாய்விட்டுப் படித்தும் காட்டிவிட்டேன் பிரவீனா. படித்து முடித்ததும் எனக்கே பொறுக்கவில்லை. பேர் தெரியாத மனுசன் வீட்டுல கூப்பிடாமயே போயி உக்காந்து, பொட்டலம் வேற கட்டச் சொன்ன ஆளு நீங்க, கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலிக்கிறவங்க வீட்டுக்குப் போக மட்டும் முட்டி வலிக்குதா என்று கேட்டுவிட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காரைக் கழுவப் போய்விட்டார், நேற்றுதான் கழுவின கார் அது. சரி, இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு மௌனத்தில்தான் என்று நினைத்துக்கொண்டு குழம்பு தாளிக்கப் போனேன். சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்கிறது, வீட்டுக்குப் பின்னால் நின்று போனில் உன் அண்ணன் ரூபேனிடம் ஏதோ நம்பர் கேட்கிறார், அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் பிரவீனா அப்பா தங்கராஜு பேசறேன் சார். ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீங்களா. நாங்க ரெண்டு பேரும் சாப்பிட வரலாம்னு" என்றார். கேட்டுக்கொண்டே நின்றதில் கடுகு கருகிவிட்டது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது, இவர் இல்லல்ல, எது இருந்தாலும் போதும் சார் என்கிறார், கொஞ்சம் கழித்து, பிட்டு நல்லா சாப்பிடுவேன் என்கிறார். உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்காமல், அந்த நீல பாத்திக் சட்டை இஸ்திரி போட்டிருக்கா என்று மட்டும் கேட்டார்.

அவர் உட்காரக்கூட இல்லை, கனகம்மா எனக்குப் போன் போட்டுவிட்டார். "அண்ணர் நண்டு சாப்பிடுவாரோ, உறைப்புக் கூடப் போடலாமோ" என்று கேட்கும்போதே அவர் அழுதுவிட்டார், நானும் அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன், இரண்டு பேரும் நண்டைப் பற்றிப் பேசிக்கொண்டே அழுதோம். அப்பாவிடம் இன்னும் நேராக ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் முறுக்கிக்கொள்வார். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவரே, "நம்ம வழக்கத்துல பொண்ணக் குடுக்கிற வரைக்கும் அப்பங்காரன் பட்டினி கெடக்கணுமா, கோயில் ஐயரக் கேட்டு வையி, எனக்குச் சர்க்கரை இருக்கு" என்றார். இதற்கு மேல் உனக்கு என்ன பதில் வேண்டும் அம்மா. லக்ஷ்மனிடம் சொல், ஆனால் இப்போதே ஊரைக் கூட்டிவிடாதே, முதலில் நாங்கள் போய் வந்துவிடுகிறோம்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, வெறும் ரொட்டியையும் பாலையும் சாப்பிட்டுவிட்டுச் சாப்பிட்டேன் என்று என்னிடம் பொய் சொல்லாதே, ராஜஸ்தானுக்கு ஒரு புட்டி மிளகாய்ச் சம்பலும் வயிற்று மாத்திரையும் மறக்காமல் எடுத்துக்கொள். முருகன் துணையால் நீங்கள் இரண்டு பேரும் நிறைந்த ஆயுளோடு, குறையில்லாமல் வாழ அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம், அப்பா சொல்லாவிட்டாலும் அவர் பங்கையும் சேர்த்து நானே எழுதுகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இந்த ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கமாகக் கூப்பிடும் நேரத்துக்குக் கூப்பிடாதே, நாங்கள் சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

உன் அன்பு அம்மா,
தனலெட்சுமி தங்கராஜு