நிற்பதும் இருப்பதும்

இன்று காலை பள்ளி அலுவலகத்தைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு சின்ன ஸ்வெட்டரை டிரையரில் போட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையுடையது. அது மழையில் நனைந்த ஈரம் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்குள் இரவு முழுக்க மூச்சுப் படிந்த ஈரம். அந்த வாடையை எனக்கு அடையாளம் காட்டியது நீங்கள்தான்.

நீங்கள் சின்ன வகுப்புகளில் டீச்சர் எய்ட், ஆசிரியருக்கு உதவியாள். நான் அன்றும் இன்றும் இதே மேசையில், சேர்க்கைப் படிவங்களோடு. ஒருமுறை பிள்ளையைச் சேர்க்க வந்த, உங்கள் ஊரான யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர், "ஒடாஹுஹுவில ஃப்ரெண்ட் வீட்டில நிக்கிறம்" என்றார். அந்த முகவரியை எழுதிக் கோப்பை மூடிவிட்டேன். மத்தியானம் நீங்கள் வந்தீர்கள்.

"அந்தப் பிள்ளை பையைத் தோளில இருந்து கழட்டுதில்லை. தாய் நிக்கிறம் எண்டவவோ, இருக்கிறம் எண்டவவோ?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஐயோ, உமக்கு மதுரையில தமிழ் படிப்பிக்கேல்லையோ? இருக்கிறது சொந்த இடத்தில. நிக்கிறது, போகச் சொல்லும் வரைக்கும்."

"நின்னா கால் வலிக்கும், உட்காரச் சொல்லுங்க" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு கோப்பைத் திறக்க வைத்தீர்கள்.

அதன்பின் நாம் யாரிடமும் வீடு எங்கே என்று கேட்கவில்லை. நேற்று எங்கே தூங்கினீர்கள் என்று கேட்டோம். பிள்ளைக்கு முன்னால் கேட்கக் கூடாது என்பது உங்கள் நிபந்தனை. மாற்று யூனிஃபார்ம் அலமாரி, காலை டோஸ்ட், அரசிடம் தங்குமிடம் கேட்டு எழுதும் கடிதம் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு வந்தவை.

உங்கள் கடைசிக் குளிர்காலத்தில், வாடகை வீட்டை விற்றுவிட்டார்கள் என்றும், "வெஸ்ட்கேட்டில தங்கச்சியோட நிக்கிறன்" என்றும் போகிற போக்கில் சொன்னீர்கள். "நல்லா சாப்பிட்டுட்டு வாங்க" என்றேன். 'நிக்கிறன்', எனக்குத் தெரிந்த சொல்தான் அது. ஹாலில் சோபாவில் எட்டு மாதம் படுத்தீர்கள் என்று உங்கள் இறுதிச் சடங்கில் தங்கை சொல்லித்தான் தெரியும். அந்த எட்டு மாதமும் எங்கள் பின்னறை பூட்டிக் கிடந்தது. மகன் வெலிங்டனுக்குப் படிக்கப் போனபின் அதில் இஸ்திரி மேசை மட்டுமே இருந்தது. இப்போதும் அப்படித்தான்.

இன்று ஸ்வெட்டரைக் கொண்டுவந்த தாய் மன்னார்க்காரி. மகளை டோஸ்ட் சாப்பிட அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"விரிப் பக்கம் ஒரு ஸ்டோருக்குப் பின்னால காருக்குள்ள நிக்கிறம். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. பிள்ளையைப் பிரிச்சுக் கொண்டுபோயிடுவினம்."

அப்படி நடக்காது என்றேன். அவர் நம்பவில்லை. வீடில்லாதவர்களுக்கு அரசு தரும் மோட்டல் அறைக்காக அவர் எதிரிலேயே ஃபோன் செய்தேன். நாளாகும் என்றார்கள். படிவத்தில் முகவரிக் கட்டத்தை நிரப்பாமல் விட்டேன்.

ஸ்வெட்டர் காய்ந்துவிட்டது. சூடாக மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உங்கள் ஊரில் உட்காரச் சொல்வதற்கும் 'இருங்கோ' என்றுதான் சொல்வீர்கள். மூன்று மணிக்கு அந்த மன்னார்த் தாய் மகளைக் கூப்பிட வருவார். இஸ்திரி மேசை கராஜுக்குப் போகிறது. கணவருக்குத் தெரியாது, அந்தத் தாய்க்கும் இன்னும் தெரியாது. அவரிடம், "எங்க வீட்டில வந்து இருங்கோ" என்று சொல்லப் போகிறேன்.