மாமாவின் இங்கிலிஷ் பழமொழி

ராத்தா,

இதை யாருக்கும் காட்டாதே, உன் வீட்டு மச்சானுக்குக்கூட. உம்மாவின் போனில் படமெடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

கற்பிட்டியில் தன் ஹோட்டலுக்கு வரும் வெள்ளைக்காரர்களோடு பேச என்னைக் கூட்டிப்போக மாமா வந்திருக்கிறார். என் சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்று வாப்பா தயங்கினார். உடனே மாமா ஒரு இங்கிலிஷ் பழமொழியை எடுத்துவிட்டார். வெயில் அடிக்கும்போதே புல்லைக் காயவைத்துவிட வேண்டுமாம்.

"என்னவாம் மகள்?" என்று வாப்பா என்னிடமே கேட்டார். என் வாயாலேயே தமிழில் சொன்னேன். உப்பளத்தில் வேலை செய்கிற வாப்பாவுக்கு அது உடனே விளங்கிவிட்டது.

"சரிதானே. மழ வந்தா உப்பு கரைஞ்சிரும்."

நான் என்ன உப்பா? அவசரக்காரனைத் திட்டும் பழமொழியும் என் இங்கிலிஷ் புத்தகத்தில் இருக்கிறது. அதை இங்கிலிஷிலேயே சொல்ல வாயெடுத்தேன்.

"பாத்தீங்களா மச்சான், இந்த வாய்தான் நம்மட ஹோட்டலுக்கு வேணும்" என்று வாப்பாவிடம் சொன்னார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள், உம்மாவும்.

எனக்குப் பற்றி எரிகிறது. பயமாகவும் இருக்கிறது. விடிந்ததும் வேன் வரும். விடியுமுன் சுபஹ் தொழுததும் வாப்பாவுக்குப் போன் எடு. பழமொழி ஒன்றும் வேண்டாம். தங்கச்சி பரீட்சை எழுதட்டும் என்று மட்டும் சொல்.

கதவைத் தட்டுகிறார்கள். மாமாதான்.

"மகள், பேக் கட்டியாச்சா?"

கட்டவில்லை ராத்தா. கட்டவும் மாட்